உர்சன் டூகா வாய் மூடிய காலை

லூசியானாவின் பாயு கனார் ஊரில் உர்சன் டூகாவின் வாயிலிருந்து தப்பித்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, காது கேளாதவர்கள். மற்றது, கல்லறையில் படுத்திருப்பவர்கள். இரண்டாவது வகையையும் முழுசாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. தபால்காரர் அல்சீடை அடக்கம் பண்ணப் போன அன்று, இரண்டே வார்த்தை சொல்லிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்து, சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றி, மறுபடி தோள் மாற்றி, கடைசியில் தரையில் இறக்கி வைத்துவிட்டு சிகரெட் பிடிக்கப் போகும்வரை பேசின மனுஷன் அவர்.

பிறந்ததே பெரும்புயல் அடித்த நாளில். கூரை பறந்த வீட்டில், காற்றின் ஊளையையும் மீறி இந்தக் குழந்தையின் அழுகைதான் கேட்டதாம். அன்றைக்குத் திறந்த வாய். பள்ளிக்கூடத்தில் அடி, ராணுவத்தில் தண்டனை, எதற்கும் மூடவில்லை. ஒருமுறை வேகமாக வண்டி ஓட்டியதற்குப் பிடித்த போலீஸ்காரரிடம் நண்டு பிடிக்கிற விதத்தை விளக்க ஆரம்பித்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, தன் வண்டியில் ஏறி ஓடியே போய்விட்டார்.

பிழைப்புக்கு உர்சன் பூடான் கடை வைத்திருந்தார். அரிசிச் சோற்றையும் பன்றியிறைச்சியையும் வெங்காயத்தாளோடு பிசைந்து, குடலில் அடைத்து, ஆவியில் வேகவைத்துக் கொடுப்பது. விடிந்தால் அந்தக் கடையில்தான் ஊர் கூடும். பூடான் நன்றாக இருக்கும், அதனால் பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள். மனைவி லோர்னா இறந்து பல வருடமாகிவிட்டது. கடைக்கு மேலே இருந்த வீட்டில் சமையலறையில் ஒரு டிவி, படுக்கையறையில் ஒரு டிவி, குளியலறையில் ரேடியோ. மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றை நிறுத்தினால்கூட அவருக்குத் தூக்கம் வராது. இது ஊருக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தது அவருடைய துப்பாக்கி. லூசியானாவின் நெல் வயல் பக்கம் வந்து, வீட்டில் கூனல் துப்பாக்கி இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். பின்பக்கம் சதுரமாகப் புடைத்திருக்கும், அதனால் கூனல். ஒருதடவை சுட்டால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். குழாயே பின்னால் வழுக்கி வந்து, திரும்ப முன்னால் போகும். கடக், முடக். தோளில் இரண்டு உதை. உர்சனுடைய துப்பாக்கிக்கு உள்வளையங்கள் தேய்ந்து போய், அது சுடுகிற சத்தத்தைவிடக் குலுங்குகிற சத்தம் பெரிதாக இருந்தது.

அந்தக் கூனலைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஊரே துக்கம் காத்தது. பிறகு ஒருநாள், அதே கூனோடு புதுசு வந்திருக்கிறது என்று செய்தி. கூன் மட்டும்தான் பழசு. உள்ளே எல்லாம் வேறு. குழாய் அசையாது, துப்பாக்கி பின்னால் உதைக்கிற அந்த ஒரு தள்ளிலேயே வேலை முடிந்துவிடும். எடை குறைவு. குலுக்கல் இல்லை.

"கூன் இருக்கு, குணம் இல்லை!" என்று உர்சன் கடையில் கல்லா மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். "குழாய் ஆடாத கூனல் ஒரு கூனலாய்யா? தாளம் இல்லாம ஆடுற மாதிரி! இதை வாங்குறவன் இந்த ஊர்ல பொறந்தவனே இல்ல!"

ஊரில் அதை முதலில் வாங்கியது வெர்லி கிட்ரோ. அதுதான் வில்லங்கம். ஏனென்றால் அந்த வெர்லியைத்தான் உர்சன் மூன்று வருடமாகக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெர்லி நெல் உலர்த்தும் ஆலையை நடத்துகிறவள். கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள். நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் நின்று நின்று, சைகையிலேயே வேலை வாங்கிப் பழகியவள். அவள் ஒரு வாக்கியம் பேசினால் ஊரில் இரண்டு நாளைக்கு அதையே பேசுவார்கள். குறி தப்பாதவள். வாத்து வேட்டைக்காக வயல் வரப்பில் புதைத்த அவளுடைய பதுங்குகுழியில், தம்பி ஆட்லிகூடச் சொல்லாமல் இறங்க முடியாது. ஆட்லி அடுத்த வரப்பில் தனிக் குழி போட்டுக்கொண்டு, அங்கிருந்து அக்காவைத் திட்டிக்கொண்டே வாத்து சுடுவான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, வெர்லி பூடான் வாங்க வந்தாள். உர்சன் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வெர்லி, நான் சொல்றதைக் கேளு. நீ தனியா, நான் தனியா. உன் வீட்டுச் சமையலறை பெரிசு, என் அடுப்பு பெரிசு. எங்க அம்மா என்ன சொல்லுவாங்கன்னா…"

"உர்சன்."

"…கம்போ குழம்புக்கு மாவு வறுக்கும்போது ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் கிண்ட, ஒருத்தர்…"

"யோவ்!"

உர்சன் நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்," என்றாள் வெர்லி. "உனக்கு வேண்டியது நானா, இல்ல ரெண்டு காதா? காதுன்னா, ஒரு கழுதை வாங்கிக்கோ. பெரிசாவே இருக்கும்."

"என்ன பேச்சு இது, நீதான்! சத்தியமா நீதான்!"

"அப்ப வாத்து சீசன் தொடங்குற அன்னிக்கு என் குழிக்கு வா. ரோட்டை விட்டு வரப்புல கால் வெச்சதுலேர்ந்து, திரும்ப ரோட்டுல கால் வெக்கிற வரைக்கும், உன் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது. முணுமுணுப்புகூட. வாயைத் திறந்தேன்னு வையி, இந்தப் பேச்சை இனி ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது. அந்தக் கடக் முடக்கையும் கொண்டு வராதே. உன் வாயும் அதும் ஒண்ணு."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உர்சன் முகம் வேகாத பூடான் நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னே? மூன்று வருடக் காதல், ஒரு காலைப் பொழுது மௌனத்தில் தொங்குகிறது! அந்த மனுஷன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர் என்று ராணுவத்தில் கூடப் படுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர் குதூகலத்தில் மிதந்தது. எத்தனை நிமிஷம் தாங்குவார் என்று பீர் பந்தயம், கடல் நண்டு பந்தயம் எல்லாம் நடந்தன. உர்சன் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஒரு நாதி இல்லை.

ஆனால் அவர் துணிந்துவிட்டார். மறுநாளே பக்கத்து ஊர் துப்பாக்கிக் கடைக்குப் போய், தான் காறித் துப்பின அதே புதுக் கூனலைக் கேட்டார். கடைக்காரன் பொறுமைசாலி. அதை எடுத்து வைத்து விளக்கினான். "இதுல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. தோட்டாவைப் போட்டதும், பின்னாடி இழுபட்டு நிக்கிற பூட்டைக் கையால பிடிச்சு மெதுவா விடாதீங்க. பொத்தானை அமுக்கினா அதுவே அறைஞ்சு மூடணும். மெதுவா விட்டா முழுசாப் பூட்டாது, சுட்டா வெடிக்காது" என்றான். உர்சன் அந்நேரம் அவனுக்கு வெர்லியின் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

பிறகு பயிற்சி. முதலில் கடையில் காலை முழுக்க வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். பூடானை எடுப்பார், கொடுப்பார், தலையாட்டுவார். விளைவு என்ன? முதல் நாளே ஊரில் பீதி. பக்கவாதம் என்றார்கள். மந்திரித்துக் குணப்படுத்தும் மூதாட்டி எவா வந்து, கழுத்தில் முடிச்சுப் போட்ட நூலைக் கட்டி ஜெபம் சொன்னாள். ஃபாதர் நெசா, சாகிறவர்களுக்குக் கடைசி எண்ணெய் பூசுகிற பெட்டியோடு ஓடி வந்து நின்றார்.

"மகனே உர்சன், வலிக்குதா? எங்கே வலிக்குது?"

உர்சன் தலையை ஆட்டினார். நெஞ்சைத் தொட்டார். ஆலை இருக்கும் திசையைக் காட்டினார்.

ஃபாதருக்குப் புரிந்ததும் பெட்டியை மூடிவிட்டார். "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லப்பா" என்று சொல்லி, இரண்டு பூடான் வாங்கிக்கொண்டு போனார்.

பகலில் சமாளித்தார். ராத்திரிதான் கஷ்டம். ஒவ்வொரு டிவியாக நிறுத்திப் பார்த்தார். ரேடியோவை நிறுத்தினார். வீடு அப்படியே கிணறாகிப் போனது. லோர்னா போன அன்று இருந்த அதே அமைதி. படுக்கையில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பயந்து நடுங்கினார் மனுஷன். பாவம். ஆனாலும் மறுபடி எதையும் போடவில்லை.

நவம்பரில் சீசன் பிறந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே ரோட்டோரம் வண்டிகள் நின்றன. பாதி ஊர் வாத்து சுட வந்தது, மீதிப் பாதி வேடிக்கை பார்க்க வந்தது. ஆட்லி டார்ச்சை உர்சன் முகத்தில் அடித்தான்.

"யோவ், கடைசியா ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு. அப்புறம் தொண்டையில மாட்டிச் செத்துக்கித்துப் போயிடாதே!"

உர்சன் வாயைத் திறந்தார். வெர்லி ரோட்டை விட்டு வரப்பில் இறங்கிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார்.

குழி என்றால், வரப்பில் கழுத்து வரைக்கும் புதைத்த இரும்புத் தொட்டி. உள்ளே ஒரு பெஞ்சு. மேலே வைக்கோல் மூடாக்கு. முன்னால் தேங்கின தண்ணீரில் பொம்மை வாத்துகள் மிதந்தன. நடுவில் வெர்லியின் நாய் பிஜு உட்கார்ந்துகொண்டது. அதற்கு உர்சனைப் பிடிக்காது. முன்பெல்லாம் அவர் பேச்சு தொடங்கினாலே எழுந்து போய்விடும்.

துப்பாக்கியில் தோட்டா ஏற்ற வேண்டிய நேரம். உர்சன் ஒரு தோட்டாவைப் போட்டார். பொத்தானை அமுக்கப் போனவர் சட்டென்று நிறுத்தினார். ஐயோ, இது அறைந்து மூடினால் சத்தம் வருமே! ஒரு சத்தம்கூட வரக் கூடாது என்றாளே! வாய்ச் சத்தமா, துப்பாக்கிச் சத்தமா, எதற்கு வம்பு? பூட்டின் பிடியை விரலால் பிடித்துக்கொண்டு, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி, மெல்ல, மெல்ல, முன்னால் கொண்டுபோய் விட்டார். ஒரு சின்ன முனகல் இல்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. குழிக்கு விருந்தாளி வந்தால் முதல் வெடி அவருக்கு. அவர் சுடாமல் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் தூக்க மாட்டார். தலை போனாலும் மாட்டார்.

கிழக்கு லேசாக வெளுத்தது. சுற்றிலும் குழிகளில் வெடிகள் கேட்கத் தொடங்கின. கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்று தாழ்வாகத் திரும்பி வந்தது. வெர்லி அவர் முழங்கையைத் தட்டினாள். உர்சன் எழுந்தார், குறி பார்த்தார், விசையை இழுத்தார்.

டிக்.

கிளுவைகள் நேராகத் தலைக்கு மேல் போய்விட்டன. உர்சன் துப்பாக்கியைப் பார்த்தார். வெர்லி அவரைப் பார்த்தாள். பிஜு இரண்டு பேரையும் பார்த்தது.

தோட்டாதான் மோசம் என்று நினைத்து, உர்சன் அதைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்தார். வேறொன்றைப் போட்டார். பூட்டை முன்பைவிடப் பதமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய் மூடினார். ஊசிவால் வாத்துகள் வந்தன. சிறகை விரித்து, கால் நீட்டி, பொம்மைகளுக்கு நடுவே இறங்கின. இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

டிக்.

ஊசிவால்கள் நீந்த ஆரம்பித்தன. சுடாத குழி என்று செய்தி பரவியதோ என்னவோ, மேலும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தண்ணீரில் சந்தை கூடினாற்போல ஒரே வாத்து மயம். ஒன்று வந்து குழியின் வைக்கோல் மூடாக்கு மேலேயே உட்கார்ந்து இறகு கோதியது. உர்சனுடைய கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்லவும் முடியாது. கேட்கவும் முடியாது. "எழவு வெடிக்க மாட்டேங்குது" என்று மூன்று வார்த்தை சொன்னால் மூன்று வருடம் போச்சு. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். காது மடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இருந்தும் ஒரு சத்தம் இல்லை.

பக்கத்துக் குழியிலிருந்து ஆட்லி கத்தினான். "அக்கா! அங்க என்ன, பூசையா நடக்குது? உன் முன்னாடிதான் ஊர் வாத்தெல்லாம் நிக்குது! சுடுக்கா, சுடுய்யா!"

அவள் எப்படிச் சுடுவாள்? விருந்தாளி முதல் வெடி வைக்கவில்லையே.

உர்சன் மூன்றாவது தோட்டாவை எடுத்தார். இப்போது வெளிச்சம் வந்திருந்தது. வெர்லி முதல் தடவையாக அவர் கையைக் கவனித்தாள். அந்தத் தடித்த, கசாப்புக்காரக் கை, புதுக் கூனலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு, அது விழித்துவிடுமோ என்று பயந்து, இம்மி இம்மியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. நாக்கு ஒரு ஓரமாக வெளியே நீட்டியிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தனக்காக இந்த மனுஷன் துப்பாக்கியைக்கூட வாய் மூட வைத்துவிட்டார்!

முதலில் அவள் தோள்கள் குலுங்கின. கையுறையைக் கடித்துக்கொண்டாள். பயன் இல்லை. "ஹ்ஹ்" என்று ஒன்று தப்பித்தது. அப்புறம் மடை உடைந்தது. வாழ்நாளில் அந்த ஊர் கேட்டிராத ஒரு சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இரும்புத் தொட்டி முழுக்க அதிர்ந்து, வயல்வெளியெல்லாம் பரவியது. ஊசிவால்கள், கிளுவைகள், மூடாக்கு மேலிருந்த அந்த வாத்து எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து பறந்தன. பிஜு பயந்து குரைத்தது. நாலு பக்கத்துக் குழிகளிலிருந்தும் வசவு பறந்து வந்தது.

"ஐயோ, யோவ்… ஐயோ…" வெர்லி கண்ணைத் துடைத்தாள். "அதைப் பிடிச்சு விடக் கூடாதுய்யா! அறைஞ்சு மூடணும்! மெதுவா விட்டா அது பூட்டாது! கடைக்காரன் சொல்லலையா?"

உர்சன் யோசித்துப் பார்த்தார். அந்தக் கடைக்காரன் உதடு அசைந்தது மட்டும் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் வராமல்தான்.

வெர்லி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"சத்தம் போட்டது நான்தான். நீ இல்ல," என்றாள். "மூணு வருஷமா நீ கேட்டுக்கிட்டே இருந்தே. இப்ப நான் கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறியா, உர்சன்?"

இப்படி ஒரு கொடுமை உண்டா? உலகத்தில் வேறெதற்காக அவருக்கு வாய் இருக்கிறது! பதில் தொண்டை வரை வந்தது. ரோடு எங்கோ வயலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். பூட்டைப் பின்னால் இழுத்து, ஒரு தோட்டாவைப் போட்டு, பொத்தானை ஓங்கி அமுக்கினார். *ட்டக்!* என்று அறைந்து மூடியது. அடியில் இன்னும் இரண்டைத் திணித்தார். எழுந்து நின்று, ஒரு பறவையும் இல்லாத வானத்தைப் பார்த்து, டுமீல், டுமீல், டுமீல் என்று உள்ளே இருந்ததையெல்லாம் காலி பண்ணினார்.

"வானத்துல ஒண்ணுமே இல்லையே!" ஆட்லி அலறினான். "என்னத்தக்கா வீழ்த்துனீங்க?"

"உனக்கு ஒரு மச்சானை!" என்று வெர்லி கத்தினாள்.

அங்கே ஒரு குழியில் யாரோ தொப்பியை மேலே எறிந்தார்கள். இன்னொரு குழியில் வாத்தைக் கூப்பிடுகிற ஊதலைக் கல்யாண மேளம் மாதிரி ஊதினார்கள். பந்தயத்தில் தோற்ற அத்தனை பேரும் சேர்ந்து ஓவென்று கத்தினார்கள்.

"போதும்யா, பேசு," என்றாள் வெர்லி. உர்சன் தலையை ஆட்டி மறுத்தார். ரோட்டைக் காட்டினார். சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான்.

திரும்பி நடந்தார்கள். வரப்பு நீளம். வெர்லிக்குப் பின்னால் உர்சனின் காலடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குறுக்கே பேச யாரும் இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள்: வெர்லி பேச ஆரம்பித்தாள். இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று எத்தனையோ வருடமாக உள்ளேயே வைத்திருந்ததை எடுத்தாள். பத்தொன்பது வயதில், ஆம்பளை உடுப்பு மாட்டிக்கொண்டு, இறால் படகு ஒன்றில் வேலைக்கு ஏறிய கதை. தம்பிக்குக்கூடத் தெரியாது. கடலுக்குள் போன இரண்டாம் நாள் காற்று எழுந்ததை, கேப்டன் குடித்துவிட்டுக் கிடந்ததை, சுக்கானைத் தான் பிடித்ததைச் சொன்னாள். உர்சன் பின்னால் வந்துகொண்டே இருந்தார். முதலில் வாக்குக்காக வாயை மூடியிருந்தார். பாதி வழியில் வாக்கே மறந்துபோயிற்று. அலை எழும்போது அவர் நடை நின்றது. அவள் நடந்தால் அவரும் நடந்தார்.

"விடியும்போது கேப்டன் எந்திரிச்சு வந்து பாத்தான். சுக்கானுக்கிட்ட நான். தொப்பி காத்துல போயிடுச்சு, தலைமுடி மொத்தமும் அவுந்து கெடக்குது…"

அதற்குள் ரோடு வந்துவிட்டது. ஃபாதர் நெசா உட்பட ஒரு கூட்டமே வண்டிகளின் மேல் ஏறி நின்றது. உர்சன் டூகாவின் இரண்டு காலும் தார் ரோட்டில் பட்டன. எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார்கள். வெர்லி தன் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு, பழக்கப்பட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

"ரோடு வந்தாச்சு," என்றாள். "இனி உன் இஷ்டம். பேசு."

உர்சன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.